கதவுக்கு வேண்டியது வளையாத பலகை

கேள்வி இதுதான்: திருச்சியில் சொந்த வீடு. சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல்லால் தடுப்பு வைத்தாகிவிட்டது. அதற்கு ஒன்பது கதவுகளை வீட்டிலேயே செய்து மாட்ட வேண்டும். பெரிய கதவு 24 அங்குல அகலம், 27 அங்குல உயரம். பக்கத்தில் மளிகை அலமாரிக்கு 6 அடி உயரத்தில் இன்னொரு கதவு. வட்ட ரம்பம், டிரில், சின்ன ரூட்டர் கையில் இருக்கின்றன. அப்பா தேக்குதான் போட வேண்டும் என்கிறார். ஆசாரி, "710 மரைன் பிளைவுட் வாங்குங்க, வளையவே வளையாது" என்கிறார். கடையில் எச்.டி.எச்.எம்.ஆர். என்ற அழுத்திய மரநார்ப் பலகையை வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

மூன்று பேரும் நல்ல சரக்கைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அப்பா மனதில் இருப்பது கரையான். ஆசாரி மனதில் இருப்பது தண்ணீர். கடைக்காரர் பெயிண்ட் ஃபினிஷை நினைத்துச் சொல்கிறார். கதவு என்றால் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பலகை பத்து வருடம் நேராக நிற்குமா?

அலமாரியின் பக்கப் பலகையை நான்கு ஓரத்திலும் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. தட்டுப் பலகை இரண்டு முனையிலும் தாங்கலில் உட்கார்ந்திருக்கிறது. கதவு மட்டும்தான் ஒரே ஓரத்தில் இரண்டு கீலில் தொங்குகிறது. மற்ற மூன்று ஓரத்தையும் பிடிக்க எதுவும் கிடையாது. அதனால் பலகைக்குள் எந்த இழுவிசை இருந்தாலும் அது கதவில் வெளியே வந்துவிடும். பெட்டிக்குள் 3 மி.மீ. வளைவு இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதே 3 மி.மீ. பக்கத்துப் பக்கத்துக் கதவில் வந்தால், வாசலில் நின்று பார்க்கிறவருக்கே தெரியும். பெட்டிக்கு நன்றாக இருந்த பலகையை அப்படியே கதவுக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் அந்த 710 பற்றி. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு. பினால் ஃபார்மால்டிஹைட் பசையில் ஒட்டி, துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியச் சோதனை. அதாவது அது பசைக்கு நடக்கும் சோதனை. ஷீட் நேராக இருக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. உள்ளே இருக்கும் அடுக்குகளில் ஒன்று தடியாக, ஒன்று மெல்லியதாக, ஒன்று சரியாகக் காயாமல் இருந்தால், பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஷீட் வளையும். பிளைவுட்டில் அடுக்குகளை ஒற்றைப்படையில், ஒன்றுக்கொன்று குறுக்காக வைப்பதே நடு அடுக்கின் இரண்டு பக்கமும் இழுவிசை சமமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். அந்தச் சமநிலை கெட்ட ஷீட்டில் எந்த முத்திரை குத்தியிருந்தாலும் கதவுக்கு ஆகாது.

சிங்க் பக்கம் தண்ணீர் தாங்குகிற பசை கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) என்று போட்ட பிளைவுட்டில் இருப்பது யூரியா பசை, படுக்கையறைக்குச் சரி, சிங்க் கீழே வேண்டாம். விளிம்பில் பசைக்கோடு கறுப்பாக இருந்தால் மரைன் என்று சிலர் சொல்வார்கள். பினால் பசை கறுப்பாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் நிறத்தைச் சேர்க்கவும் முடியும். கடையில் கைப்பிடி அளவு துண்டு கேளுங்கள். வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்க வையுங்கள். பிறகு ஓரத்தில் உளி முனையை விட்டு நெம்பிப் பாருங்கள். பசையில் பிரியாமல் மரநார் கிழிந்து வந்தால் நல்ல பசை.

நேராக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி உண்டு. ஷீட்டை நீளவாக்கில் நிறுத்தி, ஒரு முனையில் கண்ணை விளிம்போடு ஒட்டிவைத்து மறுமுனையைப் பாருங்கள், துப்பாக்கிக்குக் குறி பார்ப்பது போல. வளைவு இருந்தால் உடனே தெரியும். பிறகு தரையில் படுக்கப் போடச் சொல்லி, ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை எழும்பினால் முறுக்கு இருக்கிறது. வளைவைக்கூடச் சின்னக் கதவுகளாக வெட்டும்போது ஓரளவு சமாளிக்கலாம், முறுக்கைச் சமாளிக்க முடியாது. அடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் திடீரென்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் உள்ளே அடுக்குக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. கீலுக்குக் குழி போடும் இடத்தில் அது வந்து விழுந்தால் ஸ்க்ரூ நிற்காது. ஷீட் பல மாதம் சுவரில் சாய்த்து வைத்திருந்ததா, படுக்க அடுக்கியிருந்ததா என்பதையும் பாருங்கள். சாய்த்து வைத்த சரக்கு, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நான் எடுப்பதில்லை.

இனி உங்கள் அப்பா சொன்ன தேக்கு. நான் நாகர்கோவில் பக்கம் பலாமரக் கதவு போட்ட வீட்டில் வளர்ந்தவன், மரத்தின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் குறையவே குறையாது. ஆனாலும் முழுத் தேக்குப் பலகைகளை ஒட்டிச் சேர்த்து, 24 அங்குல அகலத்துக்கு ஒரே பாளமாகக் கதவு செய்யாதீர்கள். மரம் நெடுகில் அநேகமாக மாறாது, குறுக்கில்தான் மாறும். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு, வளையங்களை ஒட்டிய சுற்றுவாட்டத்தில் ஐந்தரை சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய வாட்டத்தில் அதில் பாதிதான். மரங்களில் இது மிகக் குறைந்த சுருக்கம், தேக்குக்குப் பெயர் வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட தேக்கிலேயே, மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே மரத்தின் ஈரம் நான்கு சதவீதம் ஏறி இறங்கினால், 12 அங்குலப் பலகை 2 மி.மீ. விரிந்து சுருங்கும். 24 அங்குலத்துக்கு 4 மி.மீ. ஐப்பசியில் பிடித்துக்கொண்டு திறக்க வராத பழைய வீட்டுக் கதவு பங்குனியில் தானாக ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான்.

இதற்கு நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்த வழிதான் சட்டமும் பலகையுமாகச் செய்யும் பேனல் கதவு. நாலு பக்கமும் ஒடுக்கமான சட்டம், அதன் உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்), காடிக்குள் பலகை. பலகையைக் காடியில் பசை போட்டு ஒட்டக் கூடாது, ஆணி அடிக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றரை, இரண்டு மி.மீ. இடம் விட்டுச் சும்மா உட்கார வைக்க வேண்டும். விரிந்தால் காடிக்குள் போகும், சுருங்கினால் வெளியே வரும், கதவின் அளவு மாறாது. பாலிஷைக்கூடப் பலகையைக் காடியில் மாட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு போட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் பாலிஷ் படாத வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

உங்களுக்கு என் யோசனை இதில் ஒரு படி மேலே: சட்டம் தேக்கு, நடுப் பலகை 6 மி.மீ. தேக்கு வெனீர் பிளைவுட், அதாவது மேலே மெல்லிய தேக்குத் தோல் ஒட்டிய பிளைவுட். பிளைவுட் குறுக்கிலும் விரியாது, அதனால் அதைக் காடியில் பசை போட்டே ஒட்டலாம். அப்படி ஒட்டினால் பலகை சட்டத்தை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து, கதவு கோணாமல் காக்கும். முழுத் தேக்குப் பலகையால் இந்த உதவி கிடைக்காது. இரண்டு பக்கமும் தேக்கு முகம் உள்ள 6 மி.மீ. கிடைக்கவில்லை என்றால், எல்லாக் கடையிலும் இருக்கும் 4 மி.மீ. தேக்கு பிளை இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டிக்கொள்ளுங்கள். 8 மி.மீ. வரும், இரண்டு முகமும் ஒரே மாதிரி, இழுவிசையும் சமம். காடியை 6 மி.மீ. பிட்டால் எடுத்துவிட்டுப் பிறகு பலகை வாங்கப் போகாதீர்கள். 6 என்று விற்கும் பலகை ஐந்தரையாகவும் இருக்கும். முதலில் பலகை, கையில் வெர்னியரால் அளந்த பிறகு காடி.

சட்டத்தின் அகலத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒல்லியாக அழகாக இருக்கட்டும் என்று 50 மி.மீ. வைப்பார்கள். ஆட்டோ ஹிஞ்ச் என்பது கதவின் உள்முகத்தில் வட்டக் குழிக்குள் பதியும் கீல்; அதன் கிண்ணம் 35 மி.மீ. விட்டம், கிட்டத்தட்ட 12 மி.மீ. ஆழம். வெளி ஓரத்திலிருந்து 5 மி.மீ. விட்டுக் குழி போட்டால், குழி 40 மி.மீ.யில் முடிகிறது. காடி உள் ஓரத்திலிருந்து 10 மி.மீ. ஆழம் என்றால் அதுவும் அதே 40-இல் வந்து முடிகிறது. குழியும் காடியும் முட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் கதவின் முழு எடையும் வெறும் முகப்புத் தோலில் தொங்கும். 60 மி.மீ. வையுங்கள், நடுவே 10 மி.மீ. கெட்டி மரம் மிஞ்சும். தடிமன் இழைத்த பிறகு 20 மி.மீ.

மரம் வாங்கும்போது கேட்க வேண்டியது வைரம், அதாவது மரத்தின் உட்புறக் கெட்டிப் பகுதி. இப்போது வரும் தோட்டத் தேக்கில், அது ஆப்பிரிக்கத் தேக்கோ நம் ஊர்த் தேக்கோ, இளமரமாக இருந்தால் வெளிப்பகுதி வெள்ளை அதிகம். தேக்கைக் கரையான் தொடாது என்று அப்பா சொல்வது வைரத்துக்குத்தான் பொருந்தும். வெள்ளை உளுத்துப்போகும். வெள்ளையை வாங்கிச் சாயம் ஏற்றி மறைப்பதைவிட, கட்டையாக நீளம் குறைந்த வைரத் துண்டுகளை வாங்குங்கள். உங்களுக்குத் தேவை 27 அங்குலத்துக்கு மேல் இல்லையே. நீளம் குறைந்த துண்டுக்கு விலையும் குறையும். கணக்கும் பெரிதில்லை: ஒரு கதவுக்கு சுமார் எட்டரை அடிச் சட்டம், ஒன்பது கதவுக்கு 76 அடி. இரண்டரைக்கு ஒன்று அங்குலம் என்று அறுத்தால் ஒன்றே கால் கன அடிக்குக் கொஞ்சம் மேலே. சேதாரத்தோடு ஒன்றே முக்கால் கன அடி போதும். நரம்பு நெடுக நேராக ஓடும் கட்டையைப் பொறுக்குங்கள். கணுவும் வளைந்த ரேகையும் பார்க்க அழகுதான், அது நடுப் பலகைக்கு. அறுத்துக் கொண்டுவந்த மரத்தை நடுவே ரீப்பர் வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது அந்தச் சமையலறையிலேயே போட்டுவைத்துவிட்டுப் பிறகு இழையுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டும் இடத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பசை போடுங்கள்.

தேக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் பலா நல்ல மாற்று. முதலில் மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் வரும். ரப்பர் மரத்தைத் துண்டு துண்டாக இணைத்த பலகை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அது மருந்து ஏற்றிய மரமா என்று கேட்காமல் வாங்காதீர்கள், ரப்பர் மரத்தை வண்டு அவ்வளவு சுலபமாகத் துளைக்கும். சிங்க் கதவுக்கு அது வேண்டாம். வேம்பின் நரம்பு பின்னிக் கிடக்கும், இழைக்கும்போது பிய்யும். முதல்முறை செய்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் சொன்ன எச்.டி.எச்.எம்.ஆர். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். குடும்பத்தைச் சேர்ந்தது, இன்னும் அழுத்தி, ஈரம் தாங்கும் பசையில் செய்தது. இதற்கு நரம்பு கிடையாது, அடுக்கு கிடையாது, அதனால் எந்தப் பக்கமும் ஒரே குணம். நேராக நிற்பதில் பிளைவுட்டை மிஞ்சும். ரூட்டரால் டிசைன் எடுத்துப் பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதையே வாங்குங்கள். பிளைவுட்டின் மேல் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாண்டியதும் நரம்பு மேலே தெரிய ஆரம்பிக்கும்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கனம் அதிகம். உங்கள் பெரிய கதவு 18 மி.மீ.யில் ஆறரை கிலோ வரும். இரண்டு கீல் தாங்கும், ஆனால் கீல் நல்லதாக இருக்க வேண்டும். விளிம்பில் ஸ்க்ரூ போட்டால் பிளந்துகொள்ளும். முகத்தில் போடலாம், அதற்கும் முன்துளை கட்டாயம். ஈரம் தாங்கும் என்றால் தண்ணீரில் நிற்கும் என்று பொருளில்லை. வெட்டிய விளிம்பு பஞ்சு மாதிரி உறிஞ்சும். பிரைமரை முகத்துக்கு ஒரு கோட் அடித்தால் விளிம்புக்கு மூன்று கோட் அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே உப்புத்தாள் போட்டு. முக்கியமாகக் கதவின் அடி விளிம்பு. தரையைக் கழுவும்போது அங்கேதான் தண்ணீர் தெறித்துத் தேங்கி நிற்கும், அங்கேதான் யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். அறுக்கும்போது மாஸ்க் இல்லாமல் அறுக்காதீர்கள். அந்தத் தூள் மாவைவிட மெல்லியது, அதில் பசையும் கலந்திருக்கிறது.

பார்ட்டிகிள் போர்டு சமையல் மேடைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பி.வி.சி. பலகை தண்ணீருக்கும் கரையானுக்கும் அசையாது, சிங்க் கீழே ஒரு சின்னக் கதவுக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். அகலமான கதவிலும் அடுப்புப் பக்கத்திலும் சூட்டில் இளகி வளையும், ஸ்க்ரூவும் நாளடைவில் லூசாகும்.

உங்கள் வீட்டில் கடப்பா தடுப்பு என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லும் சுவரும் சூழ்ந்த அந்த அறைகளுக்குள் காற்று ஓடாது, ஈரப்பதம் நிற்கும். கதவின் உள்முகம் எப்போதும் ஈரக்காற்றிலும், வெளிமுகம் அடுப்புச் சூட்டிலும் ஃபேன் காற்றிலும் இருக்கும். நாமோ வெளிமுகத்துக்கு மூன்று கோட் பாலிஷும், உள்முகத்துக்கு யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு கோட்டும் போடுகிறோம். உள்முகம் ஈரத்தைக் குடித்து விரியும், வெளிமுகம் அப்படியே இருக்கும், கதவு வெளிப்பக்கமாகக் குழிந்துவிடும். எந்தப் பலகை வாங்கினாலும் இரண்டு முகத்துக்கும் ஒரே பூச்சு, ஒரே எண்ணிக்கை. மைக்கா ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒரே தடிமன் மைக்கா.

இதை நான் கற்றுக்கொண்டது என் அக்கா வீட்டுத் துணி அலமாரியில். ஆறரை அடிக் கதவு, நல்ல மரைன் பிளைவுட், நானே பொறுக்கி எடுத்த ஷீட். ஒரு பக்கம் மைக்கா ஒட்டி, மறுபக்கத்து மைக்கா வர நாலு நாள் ஆகும் என்று சுவரில் சாய்த்து வைத்தேன். வெள்ளைப் பசையின் ஈரம் ஒரு முகத்தில் மட்டும் இறங்கி, மறுமுகம் திறந்து கிடந்தது. நாலாம் நாள் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் 9 மி.மீ. வளைவு. மறுபக்கம் ஒட்டி, மேலே மூட்டை அடுக்கி ஒரு வாரம் வைத்தும் 5 மி.மீ. அப்படியே நின்றது. அந்தக் கதவின் மேல்மூலை இன்றும் சட்டத்தில் முட்டாமல் தள்ளியே நிற்கிறது. அக்கா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும். இப்போது இரண்டு பக்கத்து மைக்காவும் கையில் வந்த பிறகுதான் பசை டப்பாவையே திறப்பேன். ஒரே நாளில் இரண்டு முகமும், உடனே சமதரையில் படுக்கப் போட்டு மேலே பாரம்.

அந்த 6 அடிக் கதவுக்கு பிளைவுட்டும் வேண்டாம், எச்.டி.எச்.எம்.ஆர். கனத்தில் கீலையே இழுத்துவிடும். பிளாக் போர்டு வாங்குங்கள். உள்ளே மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கி, இரண்டு பக்கமும் பிளை ஒட்டிய பலகை அது. எடை குறைவு, சட்டங்கள் ஓடும் வாட்டத்தில் சுலபத்தில் வளையாது. அந்தச் சட்டங்கள் கதவின் உயரவாட்டத்தில் வருமாறு வெட்ட வேண்டும், மாற்றி வெட்டினால் வாங்கியதே வீண். பசை பி.டபிள்யூ.பி. (கொதிநீர் தாங்கும்) தரமா என்று பாருங்கள். ஒரு தொந்தரவு உண்டு: கீல் குழி இரண்டு சட்டத்துக்கு நடுவே உள்ள இடைவெளியில் விழலாம். கீல் வரும் ஓரத்தில் ஒரு தேக்குப் பட்டையைப் பசை போட்டுச் சேர்த்து, குழியின் ஸ்க்ரூ அதில் இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆறடிக்கு நாலு கீல்.

வெட்டும் கணக்கில் ஒரு எச்சரிக்கை. ஷீட் 48 அங்குலம், கதவு 24 அங்குலம், அப்படியென்றால் இரண்டு வரும் என்று தோன்றும். வராது. ரம்பம் தின்பது 3 மி.மீ., ஓரத்தை நேர்செய்ய இன்னும் 3, 4 மி.மீ. போகும். முழுப் பலகையில் கதவு செய்வதாக இருந்தால் கதவின் இறுதி அளவை 602, 603 மி.மீ.க்குள் வைக்க முடியுமா என்று தடுப்பை அளந்து பாருங்கள். சட்டக் கதவு என்றால் இந்தக் கவலை இல்லை. நடுப் பலகை 510-க்கு 586 மி.மீ.தான், ரேகை உயரவாட்டத்தில் ஓட ஒரு ஷீட்டில் எட்டு வரும். உங்கள் கதவுகள் எல்லாமே பெரிய அளவு இல்லை என்பதால் ஒன்பதும் ஒரே ஷீட்டில் அடங்கிவிடும். ஒரே ஷீட்டில் வரிசையாக வெட்டி, வெட்டிய வரிசையிலேயே பென்சிலால் எண் போட்டு மாட்டினால், தேக்கு ரேகை ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குத் தொடர்ந்து ஓடும். அந்த அழகை முழு மரத்தில் கொண்டுவர நிறையப் பாடுபட வேண்டும்.

ஆக உங்களுக்கு: கீழே ஒன்பதுக்கும் தேக்குச் சட்டமும் தேக்கு வெனீர் பலகையும், அப்பாவின் மனசும் நிறையும். சிங்க் கீழே வரும் இரண்டு கதவின் நடுப் பலகை மட்டும் மரைன் தரத்தில் வெனீர் ஒட்டியதாகக் கேளுங்கள், கிடைக்கும். பெயிண்ட்தான் என்று வீட்டில் முடிவானால் அந்த ஒன்பதுமே எச்.டி.எச்.எம்.ஆர்.தான். உயரக் கதவு மட்டும் எப்படியும் பிளாக் போர்டு. அதன் அகலத்தை நீங்கள் எழுதவில்லை. 20 அங்குலத்துக்கு மேல் இருந்தால், ஒரே கதவாகச் செய்யாமல் இடுப்பு உயரத்தில் மேல் ஒன்று கீழ் ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அப்போது கீழ்க்கதவின் மேல்விளிம்பை மேடைக் கதவுகளின் மேல்விளிம்போடு ஒரே கோட்டில் கொண்டுவந்துவிடலாம்.